மலுக்கு தீவுகளின் ‘பேலா’ உறவும் பள்ளிக்கூடத்து அமைதிப் பாடமும்

கேள்வி: தீவுச் சமூகங்களின் மரபறிவைக் கொண்டு பிள்ளைகளுக்கு அமைதிக் கல்வி கொடுக்கலாம் என்று எங்கள் பி.எட். பாடத்தில் வருகிறது. படிக்க நன்றாக இருக்கிறது. நிஜத்தில் எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா? பலித்ததா?

பதில்:

செய்து பார்த்திருக்கிறார்கள். பலித்ததா என்றால், பாதி பலித்தது. எந்தப் பாதி, ஏன் என்பதில்தான் உங்களுக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

பத்துத் தீவுகளைத் தொட்டுவிட்டுப் போவதைவிட ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்போம். கிழக்கு இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகள். நம் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் கிராம்பும் சாதிக்காயும் ஒரு காலத்தில் உலகத்திலேயே அந்தப் பக்கத்துச் சில தீவுகளில் மட்டும்தான் விளைந்தன. அந்த வாசனைக்காகவே போர்ச்சுகீசியர் வந்தார்கள், 1605-ல் அங்கே அம்போன் தீவிலிருந்த கோட்டையை அவர்களிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1621-ல் பண்டா தீவுகளில் டச்சுக் கம்பெனி நடத்திய படுகொலையில் அந்தத் தீவு மக்களில் பெரும்பாலோர் அழிந்துபோனார்கள். இத்தனைக்கும் நடுவே, மத்திய மலுக்குவில் ஒரு கிராமம் கிறிஸ்தவமாகவும் அடுத்த கிராமம் முஸ்லிமாகவும் ஆனது. இன்றும் ஊர் ஊராக அப்படித்தான் இருக்கிறது.

இந்த ஊர்களைக் குறுக்கே கட்டி வைத்திருக்கும் கயிற்றின் பெயர் ‘பேலா’. இரண்டு ஊர்கள், சில சமயம் மூன்று நான்கு ஊர்கள், எப்போதோ ஒரு நெருக்கடியில் ஒன்றுக்கொன்று சத்தியம் செய்துகொண்டிருக்கும். கடலில் கவிழ்ந்த படகைக் காப்பாற்றியிருக்கலாம், போரில் தோள் கொடுத்திருக்கலாம். 1817-ல் பத்திமுரா என்ற தாமஸ் மதுலெஸ்ஸி சபருவா தீவில் டச்சுக்காரர்களுக்கு எதிராகக் கிளம்பிய காலத்தில் உண்டான பேலாக்களும் உண்டு. இன்னொரு வகை ‘கண்டோங்’. அந்தச் சொல்லுக்கே கருப்பை என்று பொருள். இரண்டு ஊர்களின் மூதாதையரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்ற கணக்கு.

தமிழில் இதற்கு மிகக் கிட்டத்தில் வருவது பங்காளி முறை. பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது. பேலா ஊரிலும் அப்படித்தான், கட்டினால் அது உடன்பிறந்தாரைக் கட்டிய பாவம். முற்காலத்தில் மீறியவர்களுக்குத் தென்னங்கீற்றை மட்டும் சுற்றி ஊரைச் சுற்ற வைத்ததாக அங்கே ஆய்வு செய்த மானுடவியலாளர் டீட்டர் பார்ட்டல்ஸ் எழுதியிருக்கிறார். ஊருக்குப் புயல், தீ, சண்டை என்றால் பேலா ஊர் வந்து நிற்க வேண்டும். கோயில் கட்டுகிறோம், பள்ளிக்கூடம் கட்டுகிறோம் என்று சொல்லி அனுப்பினால் மரமும் ஆளும் வர வேண்டும். அதனால்தான் முஸ்லிம் ஊர் ஆட்கள் தேவாலயத்துக்கு மரம் சுமப்பதும், கிறிஸ்தவ ஊர் ஆட்கள் பள்ளிவாசலுக்குக் கூரை போடுவதும் அங்கே வழக்கம். பேலாக்காரர் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு போடாமல் அனுப்பக் கூடாது. போகிற வழியில் மரத்தில் இருக்கும் பழத்தை அவர் கேட்காமலே பறித்துக்கொண்டு போகலாம். எனக்கு இந்தப் பழம் பறிக்கும் விதிதான் மிகவும் பிடிக்கும். உறவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு கொய்யா மரம் போதும்.

பேலாவிலும் கடுமையானது, லேசானது என்று உண்டு. கடுமையான பேலாவில் இரு ஊர்த் தலைவர்களும் ஆயுதம் தோய்த்த கள்ளில் தங்கள் ரத்தத்தையும் கலந்து குடித்துச் சத்தியம் செய்திருப்பார்கள். லேசானதற்கு ‘வெற்றிலைப் பெட்டி பேலா’ என்று பெயர், வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதோடு சரி. அதில் கல்யாணத் தடையும் கிடையாது. தாம்பூலம் மாற்றி நிச்சயம் செய்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த பேலாவாக இருந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ‘பாணாஸ் பேலா’ நடத்த வேண்டும். பாணாஸ் என்றால் சூடு. ஆறிப்போன உறவைச் சூடாக்குவது. இரு ஊர் மக்களும் ஒரு நீண்ட வெள்ளைத் துணிக்குள் நின்று நடப்பார்கள், பழைய கதையைத் திரும்பச் சொல்வார்கள், மறுபடி சத்தியம் செய்வார்கள். எழுத்து இல்லாத ஒப்பந்தத்துக்குப் பிள்ளைகள்தான் பத்திரம். அவர்கள் அந்தத் துணிக்குள் நடந்து தெரிந்துகொள்வதுதான் அங்கே ஆதியிலிருந்து இருந்த ‘கல்வி’. இது எவ்வளவு ஊறியது என்றால், 1951-ல் நெதர்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட சுமார் 12,500 மலுக்கு மக்களின் வாரிசுகள்கூட, பனி பெய்யும் ஊரில் பிறந்து வளர்ந்தும், காதலிக்கும் முன் ‘உன் ஊர் எது’ என்று விசாரிக்கும் வழக்கத்தை விடவில்லை.

இவ்வளவும் இருந்தும் 1999-ல் மலுக்கு எரிந்தது. பாடப்புத்தகங்கள் நழுவிவிடும் இடம் இது.

1999 ஜனவரி 19, ரம்ஜான் பெருநாள். அம்போன் நகரில் ஒரு மினிபஸ் ஓட்டுநருக்கும் ஓர் இளைஞருக்கும் நடந்த வாய்ச்சண்டை மாலைக்குள் மதக் கலவரமானது. 2000 மே மாதம் ஜாவாவிலிருந்து லஸ்கர் ஜிஹாத் என்ற தீவிர முஸ்லிம் ஆயுதக் குழுவினர் கப்பலில் வந்து இறங்கினார்கள். பாதுகாப்புப் படையிலும் பிளவு, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தது. 2002 பிப்ரவரியில் அப்போதைய இந்தோனேசிய அமைச்சர் யூசுப் கல்லா முன்னின்று சுலவேசியில் மலினோ சமாதான ஒப்பந்தத்தை முடித்து வைப்பதற்குள் இறந்தவர்கள் குறைந்தது 5,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு. வீட்டை விட்டு ஓடியவர்கள் பல லட்சம்.

அப்போது பேலா எங்கே போனது? பல இடங்களில் அது உறுதியாகவே நின்றது. பேலா ஊர்கள் பல தங்கள் சொந்தப் பேலாவின் மேல் கை வைக்கவில்லை. ஆனால் பேலா சொல்வது ‘எல்லோரையும் நேசி’ என்றல்ல, ‘இந்த ஊரை நீ தொடக் கூடாது’ என்று மட்டும்தான். பக்கத்து ஊரைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. அம்போன் தீவில் பாஸ்ஸோ என்ற கிறிஸ்தவ ஊரும் பாத்து மேரா என்ற முஸ்லிம் ஊரும் பேலா. அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற உறுதி மூன்றாவது ஊர்க்காரனைக் கட்டுப்படுத்தாது.

அடுத்தது, வந்தேறிகள். சுலவேசிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளாக வந்து குடியேறிய புட்டோன், பூகிஸ், மக்காசர் மக்கள் சந்தையிலும் துறைமுகத்திலும் வண்டித் தொழிலிலும் நிறைய இருந்தார்கள். பாட்டன் காலத்திலிருந்து அங்கேயே பிறந்தாலும் அவர்களுக்குப் பேலா கிடையாது, ஏனென்றால் சத்தியம் செய்த நாளில் அவர்கள் இல்லை. முதல் சில வாரங்களில் அடி விழுந்தது பெரும்பாலும் அவர்கள் மேல். மரபறிவு என்றாலே அரவணைப்பு என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு எவ்வளவு இறுக்கமாகக் கட்டுகிறதோ அவ்வளவு தெளிவாக வெளியே இருப்பவனையும் அது காட்டிக்கொடுக்கிறது.

இன்னொன்று அரசாங்கம் செய்தது. 1979-ல் வந்த ஐந்தாம் எண் கிராம நிர்வாகச் சட்டம் நாடு முழுக்க எல்லா ஊரும் ஜாவா மாதிரியில் ‘தேசா’ ஆக வேண்டும் என்றது. மலுக்குவில் ஊருக்கு ‘நெகரி’ என்று பெயர், தலைவருக்கு ‘ராஜா’. பேலாவைப் பேச, புதுப்பிக்க, மீறினால் தண்டிக்க அவர்களுக்குத்தான் அதிகாரம். அந்த நாற்காலியை எடுத்துவிட்டு, இருபது ஆண்டு கழித்து மரபு ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? 2005-ல் மலுக்கு மாகாணம் நெகரி முறையைத் திரும்பக் கொண்டுவர ஒழுங்குச் சட்டம் போட்டது. அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டிருந்தது.

இதே போரில் வேறு மாதிரி முடிந்த இடமும் உண்டு. தென்கிழக்கே கெய் தீவுகளில் 1999 மார்ச் இறுதியில் கலவரம் பற்றியது, ஆனால் சில மாதங்களில் அணைந்தது. அங்கே ‘லார்வுல் ங்காபால்’ என்ற ஏழு விதிகள் கொண்ட வழக்குச் சட்டம் எல்லா ஊருக்கும் பொது. ஒரே குடும்பப் பெயருக்குள் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், முஸ்லிம் மூவரும் இருப்பார்கள். ஒரே மீனின் முட்டைகள், ஒரே பறவையின் முட்டைகள் என்று ஒரு பழமொழி. ராஜா ரஹாயில் என்ற தலைவர் ஊர் ஊராகப் போய் அந்தச் சட்டத்தைச் சொல்லியே ஆட்களைச் சமாதானத்துக்கு இறங்க வைத்தார். இரண்டு ஊருக்கு இடையிலான ஒப்பந்தத்துக்கும் ஒரு தீவுக்கூட்டம் முழுக்கச் செல்லும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கே நன்றாகத் தெரிகிறது.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். போர் முடிந்தபோது அம்போன் நகரம் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆசிரியர்கள் தங்கள் மதத்தவர் இருக்கும் பகுதிக்கு மாறிப்போனார்கள், பள்ளிகளும் அப்படியே ஆயின. 1999-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு மற்ற மதத்துப் பிள்ளையுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அனுபவமே இல்லாமல் பத்தாம் வகுப்பு வரை போய்விட முடிந்தது.

முதலில் ஒட்டுப்போட்டது பள்ளி அல்ல, சந்தை. போர் நடக்கும்போதே எல்லைப் பகுதிகளில் மீன் விற்கும் முஸ்லிம் பெண்களும் பழமும் கிழங்கும் விற்கும் கிறிஸ்தவப் பெண்களும் சந்தித்து வியாபாரம் செய்தார்கள். அந்த இடங்களுக்கு ‘பாக்கு பாயே’ சந்தை என்று பெயர் வந்தது. பாக்கு பாயே என்பது அம்போன் சிறுபிள்ளைகளின் சொல். சண்டை போட்டுக் காய் விட்ட இரண்டு பேர் பழம் விடுகிறார்களே, அதுதான் பாக்கு பாயே. 2000-க்குப் பிறகு இரு தரப்புச் செயல்பாட்டாளர்களும் சேர்ந்து தொடங்கிய சமாதான இயக்கத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். ‘நல்லிணக்கம்’ என்று ஒரு கனமான சொல்லை வைத்திருந்தால் மீன்காரப் பெண் அதை வாயில் போட்டிருக்க மாட்டாள்.

பேலாவையே நம்பாமல் தப்பித்த ஊர் ஒன்றையும் சொல்ல வேண்டும். அம்போன் விரிகுடா ஓரத்து வயாமே. இரு மதத்தவரும் கலந்து வாழும் ஊர். போர் முழுவதும் அது எரியவில்லை. பத்துக் கிறிஸ்தவர், பத்து முஸ்லிம் சேர்ந்து ‘இருபதின் குழு’ அமைத்தார்கள். வதந்தி வந்தால் இரண்டு பக்கமும் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பேச வேண்டும், ஊருக்குள் யாரும் மற்றவரைச் சீண்டக் கூடாது. அங்கே எண்ணெய்க் கிடங்கு இருந்ததால் ராணுவக் காவலும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் காவல் இருந்த எல்லா ஊரும் தப்பவில்லை.

பள்ளிகளில் நடந்தவற்றில் என் மனதில் நிற்பது ‘பள்ளிப் பேலா’. அம்போன் இஸ்லாமியக் கல்லூரியைச் சேர்ந்த சமரச மையத்தின் முயற்சியில், அம்போன் ஒன்பதாம் எண் அரசு நடுநிலைப் பள்ளியும் லியாங் ஊரிலுள்ள சலாஹுத்து நான்காம் எண் நடுநிலைப் பள்ளியும் பேலா ஆயின. முதல் பள்ளியில் பெரும்பாலும் கிறிஸ்தவப் பிள்ளைகள், இரண்டாவதில் முஸ்லிம் பிள்ளைகள். ஊர்கள் செய்வது போலவே சடங்கு, சத்தியம், அதன் பிறகு ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஒருவர் பள்ளிக்கு மற்றவர் போய் வருவது. பேலாவைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி கேட்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். ‘பேலாவின் ஐந்து பண்புகளை எழுதுக’ என்று கேட்டால் பிள்ளை எழுதிவிட்டுப் போய்விடும். இங்கே அந்தப் பிள்ளைக்கு ஒரு குறிப்பிட்ட பள்ளி, பெயர் தெரிந்த சில முகங்கள், செய்தாக வேண்டிய சில காரியங்கள் கிடைக்கின்றன. பேலாவின் சாரத்தை எடுத்துப் பாடமாக்காமல் பேலாவையே போட்டுவிட்டார்கள். மரபைப் பள்ளிக்குக் கொண்டுவருவதில் நான் பார்த்த புத்திசாலித்தனமான வேலை இதுதான்.

இதே தர்க்கத்தில் பெரியவர்களுக்கும் செய்தார்கள். புராட்டஸ்டண்ட் பல்கலைக்கழகத்தில் போதகராகப் படிப்பவர்கள் முஸ்லிம் ஊர் வீடுகளில் தங்குவது, இஸ்லாமியக் கல்லூரி மாணவர்கள் கிறிஸ்தவ வீடுகளில் தங்குவது. நாளைக்கு மேடை ஏறிப் பேசப் போகிறவர்கள் இன்றைக்கு அடுத்தவர் அடுப்படியில் சாப்பிட்டுப் பழகட்டும் என்ற ஏற்பாடு.

இதன் பலனை 2011 செப்டம்பர் 11 அன்று கண்ணால் பார்க்க முடிந்தது. மோட்டார் சைக்கிள் வாடகை ஓட்டும் ஒரு முஸ்லிம் விபத்தில் இறந்தார். கிறிஸ்தவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று குறுஞ்செய்தி பறந்தது, நகரில் கலவரம் வெடித்தது, வீடுகள் எரிந்தன. அப்போது போதகர் ஜாக்கி மனுபுட்டியும் முஸ்லிம் அறிஞர் அபிதின் வகானோவும் இளைஞர்களைச் சேர்த்து ‘அமைதித் தூண்டுநர்கள்’ என்று கிளம்பினார்கள். கலவரத் தூண்டுநர் என்ற சொல்லையே திருப்பிப் போட்ட குறும்பு அது. தேவாலயம் எரிகிறது என்று செய்தி வந்தால், பக்கத்தில் இருக்கும் நண்பர் போய் எரியாத தேவாலயத்தைப் படமெடுத்து அனுப்புவார். அந்தப் படத்தை மறுபக்கத்தில் இருப்பவர் ஏன் நம்பினார்? அனுப்பியவர் வீட்டில் அவர் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தார். 1999 மறுபடி வரவில்லை.

அம்போன் பேச்சில் இந்த உறவுக்கென்றே சில வாக்கியங்கள் உண்டு. ‘நீ உணர்வதை நான் உணர்கிறேன்.’ ‘ஒரு சாகோ ரொட்டி, இரண்டாகப் பிட்டது.’ ‘நகத்தில் வெட்டினால் சதையில் வலிக்கும்.’ கடைசியைக் கேட்டதும் நமக்கு நகமும் சதையும் நினைவுக்கு வரும். நாம் அதைப் பெரும்பாலும் நெருக்கத்தைப் புகழச் சொல்கிறோம், அவர்கள் வலியைச் சொல்கிறார்கள்.

சுற்றுச்சூழல் பக்கம் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் ‘சாசி’யைத் தனியாகப் படியுங்கள், இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு மீனையோ காயையோ தொடக் கூடாது என்று ஊர் போடும் தடை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை போல, ஆனால் போடுவது ஊர்தான். ஹாருக்கு தீவில் ஆற்றுக்குள் வரும் லோம்பா மீனுக்குச் சாசி உண்டு. காவல் பார்க்கிறவர்களுக்கு ‘கெவாங்’ என்று பெயர். 1985-ல் அவர்களுக்கு இந்தோனேசிய அரசின் கல்பதரு விருது கிடைத்தது. அங்கே ‘குட்டி கெவாங்’ என்று சிறுவர்களையும் பழக்குகிறார்கள். அமைதிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தீவில் பாதிச் சண்டை எந்த மரம் யாருடையது, எந்தக் கடல் யாருடையது என்பதில்தான் தொடங்குகிறது.

அதற்கு அதே ஹாருக்கு தீவில்தான் சாட்சி. 2022 ஜனவரியில் கரியு என்ற கிறிஸ்தவ ஊர் நில எல்லைத் தகராறில் எரிந்தது, எதிர்ப்பக்கம் அடுத்த ஊரான முஸ்லிம் பெலாவ். கரியு மக்கள் ஓடிப்போய்த் தங்கியது அபோரு என்ற ஊரில். அபோரு அவர்களுக்குக் கண்டோங். அந்தக் கண்டோங் கூட்டத்தில் சேராம் தீவிலுள்ள ஹுவாலோய் என்ற முஸ்லிம் ஊரும் உண்டு. கடல் தாண்டி இருக்கும் முஸ்லிம் ஊர் உடன்பிறப்பு, வேலி தாண்டி இருக்கும் முஸ்லிம் ஊரோடு வெட்டுக்குத்து. இது புதிரே இல்லை. பேலா உறவுகள் பெரும்பாலும் தூரத்து ஊர்களுக்கு இடையில், பல சமயம் வேறு வேறு தீவுகளுக்கு இடையில்தான் இருக்கின்றன. தூரத்து ஊரோடு பங்கு பிரிக்க நிலம் இல்லை. நம் பங்காளிச் சண்டையை நினைத்துப் பாருங்கள், அது எப்போதும் வரப்பில்தானே வருகிறது.

ஆகவே உங்கள் பயிற்சி வகுப்புக்கு இதை எடுத்துப் போவதாக இருந்தால், உலகத்தின் மறுகோடியில் ஒரு பள்ளியைத் தேடி வீடியோவில் கை அசைக்க வைக்காதீர்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகள் எந்தப் பள்ளிப் பிள்ளைகளோடு பஸ் நிறுத்தத்தில் முறைத்துக்கொள்கிறார்களோ, அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய்ப் பேசுங்கள். விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போட ஆள் அனுப்புவது, மழையில் ஒரு பள்ளிக்கூரை ஒழுகினால் மற்றப் பள்ளியில் வகுப்பு நடத்துவது என்று செலவு பிடிக்கிற இரண்டு மூன்று கடமைகளை முதல் நாளே பேசி முடியுங்கள். அடுத்த ஆண்டு புதுப் பிள்ளைகள் வந்ததும் மறுபடி சூடாக்குங்கள். ஆண்டு நடுவில் ஊர் மாறி வந்து சேர்கிற பிள்ளை அந்தச் சத்தியத்துக்குள் எப்படி வரும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள். அம்போனில் புட்டோன்காரர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை.